பராக்குப் பார்த்தபடி நடப்பதும் ஓடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடக்கவோ ஓடவோ ஆரம்பித்தவர்களும், ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எடைக் குறைப்பு, பந்தய நேரம் பற்றியெல்லாம் இங்கே அதிகம் பேசப்போவதில்லை. வெளியே போய்க் காலையும் கண்ணையும் ஒருசேர மேயவிடுவதில் கிடைக்கும் சந்தோஷம்தான் விஷயம். அது கிடைத்துவிட்டால் பழக்கம் தானாக நிலைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வெளியேதான் போக வேண்டுமா? வீட்டில் டிரெட்மில் இருக்கிறதே?

டிரெட்மில்லில் நடந்தாலும் இதயம் நன்றாக வேலை செய்யும், கால் உறுதியாகும். அதில் சந்தேகமே வேண்டாம். வெளியே போக முடியாத நாளில் அது பெரிய உதவி.

ஆனால் வெளியே கிடைக்கும் சில விஷயங்கள் அதில் கிடைக்காது. முதலாவது வெளிச்சம். வீட்டுக்குள் விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே அதிகம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். எப்போது விழிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று உடம்புக்குள் ஓடும் கடிகாரம் இந்த வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. காலையில் வெளியே நடப்பவர்கள் இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

இரண்டாவது தரை. வெளியே எந்த இரண்டு அடியும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு சிறு மேடு, ஒரு கல், கொஞ்சம் சாய்ந்த ஓரம் என்று ஒவ்வொன்றுக்கும் கணுக்கால் தன்னை மாற்றிக்கொண்டே போகிறது. நமக்கு அது தெரிவதுகூட இல்லை. மூன்றாவது, கண்ணுக்குக் கிடைக்கும் தூரம். நாள் முழுக்கக் கை எட்டும் தூரத்துத் திரையையே பார்த்த கண், அடிவானம் வரைக்கும் போய்த் திரும்புகிறது. அந்த ஆசுவாசத்தை அனுபவித்துத்தான் பார்க்க வேண்டும்.

நடப்பதா, ஓடுவதா? எது நல்லது?

இரண்டும் நல்லது. நடக்கும்போது எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் நடுவே ஒரு கணம் இரண்டு பாதமும் காற்றில் இருக்கும். உடல் அளவில் இதுதான் அடிப்படை வேறுபாடு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். விறுவிறுப்பான நடை முதல் கணக்கில் வரும். ஓட்டம் இரண்டாவதில் வரும். கலந்து செய்தாலும் சரி.

பார்வைக்கு இவை வேறு வேறு வேகங்கள். நடப்பவருக்கு ஒரு செடியின் இலையில் இருக்கும் பூச்சி தெரியும். ஓடுபவருக்கு அது தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு முழு இடத்தின் அமைப்பு பிடிபடும். தெரு எங்கே ஏறுகிறது, காற்று எந்த மூலையில் திரும்புகிறது, எந்த வளைவில் குளிர்ச்சி அடிக்கிறது என்பதெல்லாம் ஓடுபவரின் கெண்டைக்காலுக்கும் தோலுக்கும் அத்துப்படி. சைக்கிளில் போகும்போது ஒரு மேடு இருப்பது தெரியும். அந்த மேடு எங்கே தொடங்குகிறது என்பது ஓடினால்தான் தெரியும்.

தினமும் 10,000 ஸ்டெப்ஸ் நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. வயதான பெண்களைப் பற்றி 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500ஐ ஒட்டி அந்தப் பலன் நின்றுவிட்டது, அதற்கு மேல் கூடவில்லை.

எண்ணுவது பிடித்திருந்தால் எண்ணுங்கள். இரவு பத்து மணிக்கு மீதி 800 காலடிக்காகக் கூடத்தைச் சுற்றிவரும் நிலைக்கு வந்துவிட்டால் மட்டும் அந்தக் கருவியைக் கொஞ்ச நாள் கழற்றி வைக்கலாம் என்பேன்.

இரண்டு நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது. எனக்கு ஓட்டம் ஒத்துவராதா?

ஒத்துவரும். நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள், அவ்வளவுதான். புதிதாக ஓடுபவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே தேவைக்கு மேல் வேகமாகத்தான் தொடங்குகிறார்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். நடப்பவர் உங்களை முந்திப் போனாலும் பரவாயில்லை.

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்வதும் நல்ல வழி. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, புதியவர்களுக்கு இந்த முறையைத்தான் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார். இந்த முறையில் மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம். நடைக்கு ஒதுக்கிய அந்த நிமிடங்களில்தான் சுற்றிலும் பார்க்க முடியும் என்பதால் எனக்கு இந்த முறை மேல் தனிப் பிரியம்.

ஒரு எச்சரிக்கை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். 'இப்போது மூச்சே வாங்கவில்லை' என்று தூரத்தைத் திடீரென்று கூட்டும்போதுதான் கணுக்காலுக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் வலி வந்து உட்காரும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், ஏற்கெனவே இதய நோய் என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இருந்தது. உயர்மட்டப் போட்டிகளில் ஓடுபவர்களிடம் அது 13.3 சதவீதம். அளவோடு ஓடினால் மூட்டு கெடாது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே மூட்டில் அடிபட்டவர்கள் கதை வேறு. அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஷூ எப்படி வாங்குவது?

காலில் போட்டதுமே சுகமாக இருப்பதை வாங்குங்கள். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார் என்பதைச் சொல்லி யாராவது ஷூவே வேண்டாம் என்றால், சிறு வயதிலிருந்தே வெறுங்காலில் பழகிய பாதங்கள் அவருடையவை என்பதை நினைவில் வையுங்கள்.

ஓடும்போது ஒரு இன்பம் வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எல்லோருக்கும் எல்லா நாளும் வராது, ஆனால் வரும். வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் இதற்குக் காரணம் என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். ரத்தத்தில் கூடும் எண்டார்ஃபின் எளிதில் மூளைக்குள் நுழைய முடியாது என்பது இந்த விளக்கத்துக்கு இடித்தது. 2021இல் ஜெர்மனியில் நடந்த ஒரு ஆய்வில், எண்டார்ஃபின் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்து ஓடவிட்டார்கள். அப்போதும் ஓடியவர்களுக்கு அந்த மகிழ்ச்சி வந்தது. உடம்பே சுரக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற வேதிப்பொருள்கள் இதில் பெரிய பங்கு வகிக்கின்றன என்பது இப்போதைய கருத்து. இவை மூளைக்குள் சுலபமாகப் போகும்.

ஓடுபவருக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. இந்தப் பொருள்கள் மிதமான வேகத்தில்தான் நன்றாகக் கூடுகின்றன. மிக மெதுவாக நடந்தாலும் அவ்வளவாக ஏறுவதில்லை, உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் ஏறுவதில்லை. ஆக, பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான் இங்கேயும் சரியான வேகம். அரை மணி நேரம் போல ஓடிய பிறகு தோள் தானாகத் தளரும், மூச்சும் காலும் ஒரே தாளத்துக்கு வரும், எதிரே வருபவர்கள் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிவார்கள். அதுதான் அது.

தினமும் ஒரே பாதைதான். சலித்துப் போகாதா?

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் நிறையப் பதில் இருக்கிறது. பலரும் புதுப்புது இடம் தேடிப் போகச் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் அதிலேயே போங்கள்.

புது இடத்தில் எல்லாமே புதிது. எது எப்போதும் இருப்பது, எது இன்று மட்டும் வந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பழகிய பாதையில்தான் மாற்றம் கண்ணில் படும். நேற்றுவரை மொட்டையாக நின்ற கிளையில் இன்று செந்நிறத் தளிர் இருந்தால், அந்தக் கிளையை நேற்றும் பார்த்தவருக்குத்தான் அது செய்தி. மற்றவருக்கு அது வெறும் மரம்.

ஒரு உதாரணம். கிழக்குப் பக்கம் திறந்திருக்கும் ஓர் இடத்தைப் பாதையில் தேர்ந்துகொள்ளுங்கள். சூரியன் எந்தக் கட்டடத்துக்கு, எந்த மரத்துக்கு, எந்தக் கம்பத்துக்கு நேராக எழுகிறது என்று பாருங்கள். எப்போதும் அதே இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் சூரியன் சரியாகக் கிழக்கில் உதிக்கும். அந்த நாட்களில் அது நகரும் வேகம் அதிகம். ஒரே நாளில் கிட்டத்தட்ட தன் அகல அளவுக்கு, சில ஊர்களில் அதைவிடக் கூடுதலாகவும் நகர்ந்துவிடும். நான்கு நாள் விட்டுப் போனால் கம்பத்தின் அந்தப் பக்கத்தில் நிற்கும். ஜூன் 21, டிசம்பர் 21 வாக்கில் போய்ப் பாருங்கள், வாரக்கணக்கில் அதே இடத்தில் எழுவது போலிருக்கும். பூமி சாய்ந்த அச்சோடு சூரியனைச் சுற்றுகிறது என்று பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அதை ஒரு விளக்குக் கம்பத்தை வைத்துக் கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம்.

மாலையில் நடப்பவர்களுக்கு நிலா இருக்கிறது. சராசரியாக ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தாமதமாக எழும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் எதிர்த் திசையில் எழும். அதனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே முனையைக் கடப்பவருக்கு, வளர்பிறையில் நிலா ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கிழக்கே தள்ளி நிற்பதும், பௌர்ணமி தாண்டியதும் ஆளையே காணாததும் தெரியும். இரண்டு மாதம் இப்படிக் கவனித்துவிட்டால் நாட்காட்டி பார்க்காமலே இன்று நிலா எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் மனிதர்கள். அதே நேரத்தில் எதிரே வரும் அதே முகங்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. முதல் மாதம் கண் மட்டும் சந்திக்கும், அடுத்த மாதம் தலையாட்டல், பிறகு ஒரு சிரிப்பு. ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆயிற்றோ என்று மனது அடித்துக்கொள்ளும். இந்த உறவுக்குப் பெயர் எதுவும் கிடையாது. ஆனால் இது இருக்கும் தெரு பாதுகாப்பாக இருக்கிறது, நடப்பவருக்கும் தெம்பாக இருக்கிறது.

'கவனியுங்கள்' என்கிறீர்கள். குறிப்பாக எதைக் கவனிப்பது?

எதை வேண்டுமானாலும். தொடங்குவதற்கு மூன்றைச் சொல்கிறேன்.

மர நிழலில் விழும் வெளிச்ச வட்டங்கள். வெயில் நாளில் மரத்தடியில் தரையைப் பாருங்கள். இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் கோணல்மாணலாக இருக்கும். ஆனால் தரையில் விழும் வெளிச்சப் புள்ளிகள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். ஏனென்றால் ஒவ்வொரு சிறு இடைவெளியும், லென்ஸ் இல்லாமல் சிறு துளை வழியாகவே படம் விழும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. அந்த வட்டம் ஒவ்வொன்றும் சூரியனின் படம். வட்டத்தின் அகலத்தை ஏறக்குறைய 100ஆல் பெருக்கினால் அதை உண்டாக்கிய இடைவெளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தலைக்கு மேல் 5 மீட்டரில் உள்ள இடைவெளிக்கு வட்டம் 4, 5 சென்டிமீட்டர் இருக்கும். பகுதி சூரிய கிரகணத்தன்று போனால் அத்தனை வட்டங்களும் பிறையாக மாறியிருக்கும். நூற்றுக்கணக்கான பிறைகள் தரை முழுக்க ஆடும்.

உங்கள் தலையைச் சுற்றி ஒளி. சூரியன் எழுந்த கொஞ்ச நேரத்தில், பனித்துளி படிந்த புல்வெளியில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நீண்டு விழும் நிழலில் தலையைச் சுற்றி மட்டும் புல் பளிச்சென்று மின்னும். ஒவ்வொரு துளியும் வெயிலைப் புல்லின் மேல் குவித்து, வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. வந்த வழியில் நிற்பது உங்கள் கண்தான் என்பதால் உங்கள் தலையைச் சுற்றி மட்டும்தான் உங்களுக்கு அது தெரியும். பக்கத்தில் நிற்கும் நண்பர் தன் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்வார். அவர் சொல்வதும் சரி.

சிலந்தி வலை. பனி விழுந்த காலையில் அதைத் தேட வேண்டியதில்லை, தானாகவே தெரியும். நடுவிலிருந்து வெளியே போகும் ஆரக்கால் நூல்களில் பசை கிடையாது. சுருள் சுருளாகச் சுற்றும் நூலில்தான் பசை. துளிகள் அந்தச் சுருள் நூலில் கோத்து வைத்ததுபோல் வரிசையாக நிற்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தின்றுவிட்டுத் தினமும் புதிதாகப் பின்னுகின்றன. நேற்று கையால் கலைந்த வலை இன்று முழுசாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

இவை போதும். பிறகு உங்கள் கண்ணே தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். சிலர் கதவுகளைப் பார்ப்பார்கள், சிலர் நாய்களை, சிலர் மேகத்தை. கல்லின் மேல் படர்ந்த பாசியை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பறவை, மரம் பெயரெல்லாம் தெரியாதே?

தெரியாமலே தொடங்கலாம். அந்தப் பறவை எந்தக் கிளையில் உட்காருகிறது, என்ன செய்கிறது, எப்போது கத்துகிறது என்று நாலு நாள் பார்த்த பிறகு பெயரைத் தேடினால் அது மறக்காது. விடிவதற்கு முன் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பதில்லை. வரிசையாக ஒவ்வொரு இனமாகச் சேர்ந்துகொள்ளும். கண் பெரிதாக உள்ள இனங்கள் மங்கலான வெளிச்சத்திலேயே முன்னதாகத் தொடங்குகின்றன என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் யார் முதலில், யார் அடுத்து என்று காதால் எண்ணலாம்.

மழை வாசனை எங்கிருந்து வருகிறது?

மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும், காய்ந்த காலத்தில் செடிகள் விட்ட எண்ணெய்கள் கல்லிலும் மண்ணிலும் ஊறியதும் சேர்ந்த வாசனை அது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் பியர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964இல் இதைப் பற்றி எழுதினார்கள். நம் மூக்கு ஜியோஸ்மினை நம்ப முடியாத அளவுக்குச் சிறு அளவிலேயே பிடித்துவிடும். மழைத்துளி நுண்துளை உள்ள தரையில் விழும்போது சிக்கும் காற்றுக்குமிழிகள் மேலே வந்து வெடித்து இந்த வாசனையைக் காற்றில் தூவுகின்றன. அடித்துப் பெய்யும் மழையைவிட மெல்லிய, மிதமான மழைக்கு இது அதிகம். முதல் தூறலில் ஓடிக்கொண்டிருக்கும் பாக்கியம் கிடைத்தால் உடனே திரும்பி வந்துவிடாதீர்கள்.

இடி கேட்டால் மட்டும் உடனே உள்ளே போய்விடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடி என்றால் அது சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு வெளியே வரலாம்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாமா?

ஓட்டம் கஷ்டமாக இருக்கும் நாளில் பாட்டு கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் வண்டி ஓடும் சாலையில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போவது ஆபத்து. நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகளுக்கு எதிர்முகமாக நடக்கச் சொல்வதும் எதிரே வருவது கண்ணில் பட வேண்டும் என்பதற்குத்தான்.

ஆபத்தை விட்டுவிட்டாலும், வாரத்தில் சில நாளாவது காதைத் திறந்து வைத்துப் போய்ப் பாருங்கள். உங்கள் காலடிச் சத்தமே நிறையச் சொல்லும். மண், சருகு, சிமெண்ட், ஈரத் தார் எல்லாவற்றிலும் அது வேறு வேறு. களைத்துப் போகும்போது காலடி தொப் தொப்பென்று கனமாக விழும். அதைக் கேட்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கண் பார்வை இல்லாதவர்களுக்கு இந்தச் சந்தோஷம் உண்டா?

நிச்சயமாக. துணை ஓட்டக்காரரோடு ஒரு சிறு கயிற்றின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது பாராலிம்பிக் வரைக்கும் உள்ள முறை. துணையாக ஓடுபவர் வழியை மட்டும் சொல்வதோடு நிற்பதில்லை. சுற்றிலும் இருப்பதையும் சொல்லிக்கொண்டே போவார். அப்படி ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்போதுதான் நாம் எவ்வளவைப் பார்க்காமல் கடந்திருக்கிறோம் என்று புரியும். சுவர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் காற்றும் ஒலியும் மாறுவதை அவர் நமக்குச் சொல்லிக்கொடுப்பார்.

நடக்கும்போது நல்ல யோசனை வருகிறதே, எப்படி?

1843 அக்டோபர் 16 அன்று அயர்லாந்துக் கணித அறிஞர் வில்லியம் ஹாமில்டன், டப்ளினில் ஒரு கால்வாய்க் கரையோரம் மனைவியோடு நடந்துகொண்டிருந்தார். பல ஆண்டுகள் மண்டையைக் குடைந்த ஒரு கணக்குக்கு விடை சட்டென்று பிடிபட்டது. அந்தச் சமன்பாட்டை அங்கேயே பாலத்தின் கல்லில் செதுக்கிவிட்டார். குவாட்டர்னியன் என்ற அந்தக் கணிதம் இன்று விண்கலங்களைத் திசைதிருப்பவும் கணினி வரைகலைக்கும் பயன்படுகிறது.

2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில், உட்கார்ந்திருப்பவர்களைவிட நடப்பவர்களுக்குப் புதுப் புது யோசனைகள் அதிகம் வந்தன. சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதாவது யோசனை வர நடந்தால் போதும். ஆனால் யோசனைக்கான பொருளை வெளியுலகம்தான் தருகிறது. சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் தெ மெஸ்திரால் 1941இல் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது, துணியிலும் நாயின் ரோமத்திலும் விதைகள் ஒட்டியிருந்தன. உதறிவிட்டுப் போகாமல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முள்ளின் நுனியெல்லாம் கொக்கி. அதிலிருந்து பிறந்ததுதான் ஷூவிலும் பையிலும் பர்ரென்று பிரிக்கும் வெல்க்ரோ.

மனசு சரியில்லாத நாளில் வெளியே போகவே தோன்றுவதில்லை. என்ன செய்வது?

ஓட வேண்டாம், தூரம் வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு 15 நிமிடம் வெளியே போங்கள். கலிஃபோர்னியாவில் வயதானவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2020இல் வெளிவந்தது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு முறை 15 நிமிட நடை. ஒரு பிரிவினரிடம் மட்டும், வியப்பூட்டும் எதையாவது பார்த்தபடி போங்கள் என்று சொன்னார்கள். எல்லோரும் நடையின்போது செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். வியப்பைத் தேடிப் போனவர்களின் படங்களில், வாரங்கள் போகப் போக அவர்களுடைய உருவம் சிறியதாகி, பின்னால் இருந்த காட்சி படத்தை நிறைத்தது. சிரிப்பும் பெரிதானது. அன்றாட வருத்தமும் குறைந்ததாகச் சொன்னார்கள்.

நடை மருந்துக்கு மாற்று ஆகாது. வாரக்கணக்கில் மனம் இருண்டே கிடந்தால் மருத்துவரிடம் போவதுதான் முறை. அதோடு கூடவே நடக்கலாம்.

நேரமே இல்லை.

தனியாக நேரம் ஒதுக்க முடியாவிட்டால் இருக்கும் வேலைக்குள் நடையைச் சொருகுங்கள். லண்டன் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் 1953இல் காட்டினார். அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று ஏறவில்லை. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். போனில் பேசும் நேரத்தையும் நடையாக்கலாம், ஆனால் அப்போது எதுவும் கண்ணில் படாது.

தனியாகப் போவதா, கூட்டமாகவா?

பழக்கம் பிடிக்கும்வரை யாராவது கூட வந்தால் நல்லது. நமக்காக ஒருவர் முனையில் காத்திருக்கிறார் என்றால் படுக்கையை விட்டு எழத்தான் வேண்டும். 2004 அக்டோபரில் லண்டனின் ஒரு பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன், இன்று பல நாடுகளில் வாரந்தோறும் கட்டணமில்லாமல் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டமாக வளர்ந்திருக்கிறது. நடந்தே முடிக்கவும் அங்கே இடமுண்டு. பழகிய பிறகு தனியாகவும் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் பேச்சு நன்றாக இருக்கும், தனிமையில் பார்வை நன்றாக இருக்கும்.

குழந்தையைக் கூட்டிப்போனால் பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது. எப்படி நடப்பது?

நிற்கவிடுங்கள். இந்தப் பக்கத்தில் இதுவரை சொன்னதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே செய்கிற ஆள் அது. எறும்புச் சாரையைப் பார்த்தால் உட்கார்ந்துவிடும். நீங்களும் உட்காருங்கள். சாரையின் குறுக்கே தரையை விரலால் ஒருமுறை தேய்த்துவிடச் சொல்லுங்கள். எறும்புகள் விட்டுச்சென்ற வாசனைத் தடம் அந்த இடத்தில் அழிந்துவிடுவதால், அங்கே வந்ததும் அவை தயங்கித் தடுமாறும். பிறகு ஒன்றிரண்டு துணிந்து கடக்கும், கொஞ்ச நேரத்தில் சாரை மறுபடி சேர்ந்துவிடும்.

'நிலா ஏன் கூடவே வருகிறது?' என்று கேட்கும். நல்ல கேள்வி. பக்கத்து மரம் நாம் பத்தடி போவதற்குள் பின்னால் போய்விடுகிறது, தூரத்து மலை மெதுவாகப் போகிறது. நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் ஒரு தெருவைக் கடப்பதெல்லாம் அந்தத் தூரத்துக்கு ஒன்றுமே இல்லை என்பதால் அது இருக்கும் திசை மாறுவதில்லை. முதலில் மரத்தையும் மலையையும் காட்டிவிட்டுப் பிறகு நிலாவுக்கு வந்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

வெளியே அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்பதும் பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அதனால் தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நேரத்தை மட்டும் கணக்கு வையுங்கள். உங்களுக்கு வேகமாக நடக்க வேண்டுமென்றால் அதைத் தனியாக வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். குழந்தையோடு போகும்போது அது இழுக்கும் பக்கம் போங்கள். கையில் ஒரு பை இருக்கட்டும், கல்லும் இறகும் காய்ந்த விதையும் நிச்சயம் சேரும். குழந்தைக்குத் தெம்பு இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.